நெட்டுல தேடி ட்ரிவியா கேள்விக்கு சரியான பதில் புடிக்கறது எப்படி: பெங்களூர் குவிஸ் மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூர்ல குவிஸ் மோகம் ரொம்ப பழசு, கர்நாடகா குவிஸ் அசோசியேஷன் ஆரம்பிச்சதே 1983ல. இப்ப அபார்ட்மென்ட் பொங்கல் விழா, ஆபீஸ் டீம் அவுட்டிங், நம்ம தமிழ் ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புன்னு எங்க பாத்தாலும் யாராவது ஒருத்தர் கேள்வித்தாளோட நிக்கறாங்க. இதுல போனைத் தொடவே கூடாதுன்னு சொல்ற குவிஸ் ஒரு வகை, அங்க போனை பாக்கெட்லயே வச்சுக்கோங்க, மேஜைக்கு கீழ தேடறவங்களால மத்த டீமோட சந்தோஷமும் கெட்டுப்போகுது. இன்னொரு வகை, "நெட்டப் பாத்துக்கோங்க, நாளைக்கு ராத்திரிக்குள்ள பதில் அனுப்புங்க"ன்னு சொல்லியே குடுக்கறது. இந்த வழிகாட்டி அந்த ரெண்டாவது வகைக்கு. அப்புறம் கேள்வி தயார் பண்றவங்களுக்கும் இது வேணும், ஏன்னா தப்பான பதிலை கையில வச்சுட்டு நூறு பேர் முன்னாடி நிக்கறது ரொம்ப சங்கடம்.

நெட் ஓப்பனா இருந்தா எல்லாருக்கும் ஒரே மார்க் வந்துடுமேன்னு தோணும். வராது. கேள்வியை அப்படியே காப்பி பண்ணி தேடற பாக்ஸ்ல போடறவங்களும், யோசிச்சு தேடறவங்களும் நல்லாவே தனித்தனியா தெரிவாங்க. நான் இதுல அடிச்சு சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு: பதில் இருக்கற பக்கத்தை எழுதினவர் என்ன வார்த்தை போட்டு எழுதியிருப்பார்னு யோசிச்சு அதை அடிங்க. கேள்வி கேட்டவரோட வார்த்தை அவர் உங்களைச் சுத்தவிடறதுக்காக மாத்தி எழுதினது, அது எந்தப் பக்கத்துலயும் இருக்காது.

ஸ்டெப் 1: கேள்வியை துண்டு துண்டா உடைங்க

உதாரணத்துக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கலாம், நம்ம ஊர் சம்பந்தப்பட்டது.

"1944 ஜூன்ல பிரான்ஸ் கடற்கரைல முள்வேலியை வெடிச்சு வழி பண்றதுக்கு உபயோகிச்ச ஒரு சாமானுக்கு ஒரு இந்திய நகரத்தோட பேர். அதை உருவாக்கின படைப்பிரிவோட வீரர்களை இன்னைக்கும் செல்லமா எப்படி கூப்பிடுவாங்க?"

இதை மொத்தமா அடிச்சா இரண்டாம் உலகப் போர் பத்தி ஆயிரம் பக்கம் வந்து விழும். உடைச்சுப் பாருங்க. 1944 ஜூன், பிரான்ஸ் கடற்கரை, இது நார்மண்டி தரையிறக்கம்னு தேடாமலே தெரியும், தெரியலன்னா அதை மட்டும் முதல்ல தேடுங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாது. அடுத்தது முள்வேலியை வெடிக்கற சாமான். இங்கதான் இந்தக் கேள்வியோட பிடி இருக்கு. "நார்மண்டி", "முள்வேலி", "வெடி" இந்த மூணையும் இங்கிலீஷ்ல அடிச்சா பெங்களூர் டார்பிடோன்னு ஒண்ணு வரும். நீளமான குழாய்க்குள்ள வெடிமருந்தை அடைச்சு, ஒண்ணோட ஒண்ணு மாட்டி, வேலிக்கு அடியில தள்ளி வெடிக்க வைக்கறது. 1912ல மெக்ளின்டாக்னு ஒரு கேப்டன், பெங்களூர்ல இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படைப்பிரிவோட இருந்தப்ப உருவாக்கினது.

இங்க நிறைய பேர் "பெங்களூர்"னு எழுதி அனுப்பிடுவாங்க, ஏன்னா ஏதோ ஒண்ணு கெடச்ச சந்தோஷம். கேள்வி இன்னும் முடியல. அந்தப் படைப்பிரிவுக்கு இப்ப என்ன பேர்? மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், அல்சூர் ஏரிக்குப் பக்கத்துலதான் இருக்காங்க, அந்தப் பக்கம் போற எல்லாருக்கும் அந்த மதில் சுவர் தெரியும். இப்ப அந்தப் பேரோட "வீரர்கள் செல்லப்பேர்"னு சேத்து தேடினா பதில் வந்துடும்: தம்பி. எந்த ஊர்க்காரரா இருந்தாலும் அந்தப் படைப்பிரிவு வீரர்னா தம்பிதான்.

ஒரு தேடல்ல வராத பதில் மூணு சின்ன தேடல்ல வந்தது பாருங்க. நல்ல கேள்வி எல்லாமே இப்படி சங்கிலியாத்தான் இருக்கும். 2011 ஏப்ரல்ல கூகுளே "எ கூகுள் எ டே"ன்னு தினம் ஒரு புதிர் விட ஆரம்பிச்சாங்க, அதுலயும் இதே கதைதான், முதல் கண்ணியைக் கண்டுபிடிச்சாதான் அடுத்தது என்ன தேடணும்னே தெரியும். அதனால கேள்வியைப் பாத்ததும் பேப்பர்ல எழுதுங்க: எது ஏற்கனவே தெரியும், எது வேற எங்கயும் வராத அபூர்வமான விவரம், கடைசில என்ன கேக்கறாங்க. அபூர்வமான விவரத்துல இருந்து ஆரம்பிங்க, கடைசி வரியை அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க, அனுப்பறதுக்கு முன்னாடி அந்த அடிக்கோட்டைத் திரும்பப் படிங்க.

ஸ்டெப் 2: எந்த மொழி, எந்த ஸ்பெல்லிங்

இதை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல, ஆனா பெங்களூர்ல இருக்கற நமக்கு இது பெரிய பலம், ஏன்னா நம்மள்ல நெறைய பேருக்கு தமிழ், இங்கிலீஷ், கொஞ்சம் கன்னடம் மூணும் வரும்.

சங்க இலக்கியம், கோயில் கல்வெட்டு, பழைய தமிழ் சினிமா, நாடகக் கம்பெனி இதெல்லாம் தமிழ் எழுத்துல தேடுங்க. சயின்ஸ், விளையாட்டு ரெக்கார்டு, உலக வரலாறு இங்கிலீஷ்ல. பெங்களூர் லோக்கல் விஷயம், ஒரு கெரே (ஏரி) எப்ப வெட்டினாங்க, ஒரு பேட்டைக்கு யார் பேர் வச்சாங்க மாதிரி கேள்வின்னா கன்னடத்துலதான் அதிகம் எழுதியிருப்பாங்க. கன்னடம் எழுத வரலன்னா கவலை வேண்டாம், அந்த விஷயத்தோட விக்கிபீடியா பக்கத்தைத் திறந்து, மொழி பட்டியல்ல கன்னடத்தைத் தட்டி, தலைப்பை காப்பி பண்ணி தேடுங்க. வர்ற பக்கத்தை மொழிபெயர்ப்புல போட்டு படிச்சா போதும்.

பழைய காலத்து கேள்வின்னா அந்தக் காலத்து ஸ்பெல்லிங் வேணும். அரசாங்கமே 2014 நவம்பர் 1ல இருந்துதான் இங்கிலீஷ்லயும் பெங்களூருன்னு எழுத ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி பேப்பர், ரிப்போர்ட், கெசட் எல்லாத்துலயும் பேங்களோர்தான். அல்சூர்னு அடிச்சா ஒரு கூட்டம் வரும், ஹலசூருன்னு அடிச்சா வேற கூட்டம் வரும், ரெண்டையும் அடிச்சுப் பாருங்க. வெள்ளைக்காரன் காலத்து புத்தகத்துல திருநெல்வேலியைத் தேடறவங்க டின்னெவெல்லின்னு அடிக்கணும், திருச்சின்னா டிரிச்சினோபொலி, தஞ்சாவூர்னா டாஞ்சூர், நாகப்பட்டினம்னா நெகபட்டாம். கூகுள் புக்ஸ்ல டூல்ஸ் போய் வருஷத்தை 1800களுக்கு மாத்திட்டு இந்தப் பேரை அடிச்சுப் பாருங்க, அது ஒரு தனி உலகம், கேள்வியை மறந்துட்டு படிச்சிட்டே உக்காந்துடுவீங்க.

ஸ்டெப் 3: நாலு குறியீடு போதும்

கூகுள்ல குறியீடு நெறைய சொல்லுவாங்க, அதுல சிலது இப்ப வேலையே செய்யறதில்ல, வார்த்தைக்கு முன்னாடி பிளஸ் போடறதை 2011லயே எடுத்துட்டாங்க. எனக்கு தினமும் உதவற நாலு மட்டும் சொல்றேன்.

மேற்கோள் குறி. ரெண்டு பக்கமும் "இப்படி" போட்டா உள்ள இருக்கற வார்த்தைங்க அதே வரிசைல இருக்கற பக்கம்தான் வரும். பாட்டு வரி, குறள் வரி, யாரோ சொன்னதா சொல்ற பொன்மொழி இதுக்கெல்லாம் இதான் மருந்து. நடுவுல ஒரு வார்த்தை மறந்துபோச்சுன்னா அந்த இடத்துல நட்சத்திரக் குறி போட்டுடுங்க.

மைனஸ். வேண்டாத வார்த்தைக்கு முன்னாடி இடைவெளி இல்லாம ஒட்டிப் போடணும். ஜாவான்னு தேடினா, அதுவும் பெங்களூர்ல உக்காந்து தேடினா, புரோகிராமிங் கோர்ஸா கொட்டும். உங்க கேள்வி இந்தோனேசியத் தீவைப் பத்தினதுன்னா புரோகிராமிங், சாஃப்ட்வேர் ரெண்டுக்கும் முன்னாடி மைனஸ் போடுங்க, பக்கம் தெளிஞ்சுடும்.

சைட். இங்கிலீஷ்ல சைட்னு நாலு எழுத்து அடிச்சு, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாம வெப்சைட் முகவரியை ஒட்டினா அந்த ஒரு சைட்டுக்குள்ள மட்டும் தேடும். இஸ்ரோ கேள்வின்னா இஸ்ரோ சைட்டுக்குள்ள, நோபல் கேள்வின்னா நோபல் பரிசு சைட்டுக்குள்ள. நிறைய அரசாங்க சைட்டுகள்ல இருக்கற தேடல் பாக்ஸைவிட இது எவ்வளவோ தேவலாம்.

தேதி. பிஃபோர், ஆஃப்டர்னு இங்கிலீஷ்ல அடிச்சு முக்காற்புள்ளி போட்டு வருஷம் போடலாம். நம்ம மெட்ரோ 2011 அக்டோபர் 20ல முதல் ரயில் விட்டப்ப என்ன எழுதினாங்கன்னு பாக்கணும்னா, 2012க்கு முன்னாடின்னு கட்டுப்படுத்துங்க, இல்லன்னா நேத்து வந்த ரயில் லேட் செய்திதான் முதல்ல நிக்கும்.

இதோட இன்னொண்ணு, கூகுள் உங்க வார்த்தையை தானா மாத்தி, சமமான வார்த்தைன்னு நெனச்சு வேற எதையோ காட்டுச்சுன்னா, ரிசல்ட் பக்கத்துல டூல்ஸ்ல "வெர்பேட்டிம்"னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டா நீங்க அடிச்சதை மட்டும் அப்படியே தேடும். தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல தேடறப்ப இது ரொம்ப தேவைப்படும்.

ஸ்டெப் 4: பக்கத்துக்குள்ள போய் தேடுங்க

கம்ப்யூட்டர்ல கன்ட்ரோலும் எஃப்பும் சேத்து அமுக்கணும், போன்ல குரோம்ல மூணு புள்ளியைத் தட்டி "ஃபைண்ட் இன் பேஜ்". இது தெரியாம நீளமான பக்கத்தை விரலால தள்ளித் தள்ளி படிக்கறவங்களைப் பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கு, எவ்வளவு நேரம் வீணாப் போகுது.

இதோட அருமை தெரியணும்னா திருக்குறளை எடுத்துக்கலாம். நம்ம குரூப்புல எல்லாம் வருஷக்கணக்கா சுத்தற ஒரு ஃபார்வேர்டு இருக்கு: குறள் அகரத்துல ஆரம்பிச்சு னகரத்துல முடியும், குறள்ல வர்ற பூ ரெண்டே ரெண்டு, அனிச்சமும் குவளையும், பழம் ஒண்ணே ஒண்ணு நெருஞ்சிப்பழம், மரம் ரெண்டு பனையும் மூங்கிலும், இப்படிப் போகும். அதுல இருந்து குவிஸ்க்கு கேள்வி எடுக்கறாங்க, போட்டித் தேர்வு கைடுலயும் இருக்கு. இதை செக் பண்ண யாரோட கட்டுரையும் வேண்டாம். பழைய தமிழ் நூல்களை நெட்ல போடற ப்ராஜெக்ட் மதுரைல குறள் முழுசும் இலவசமா இருக்கு, 1330 குறளையும் ஒரே பக்கத்துல திறந்து வச்சுட்டு தேடினா முடிஞ்சுது.

முதல் வரி சரிதான். "அகர முதல"ல ஆரம்பிச்சு, 1330வது குறள் "கூடி முயங்கப் பெறின்"னு முடியுது. நெருஞ்சிப் பழம் 1120வது குறள்ல இருக்கு. அனிச்சம் 90, 1111 இன்னும் சில இடத்துல வருது, குவளை 1114ல. சரி, பூ ரெண்டுதானா? "தாமரை"ன்னு அடிச்சுப் பாருங்க. 617வது குறள்ல "தாளுளாள் தாமரையி னாள்"னு திருமகளைச் சொல்றார், 1103ல "தாமரைக் கண்ணான் உலகு"ன்னு வருது. ஆக தாமரையும் குறள்ல இருக்கு, ஃபார்வேர்டு சொன்ன கணக்கு அங்கயே உடைஞ்சு போச்சு. வேணும்னா தாமரை அங்க தெய்வத்தைக் குறிக்க வந்ததுன்னு வாதம் பண்ணலாம், ஆனா கேள்வில "இடம்பெறும் மலர்"னுதான கேக்கறாங்க.

மூங்கில்னு தேடினீங்கன்னா ஒண்ணுமே வராது. உடனே மூங்கில் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. வள்ளுவர் எழுதினது "வேய்", 1113ல "வேய்த்தோள்"னு வருது. பழைய நூல்ல தேடறப்ப அந்த நூலோட வார்த்தைலதான் தேடணும், ஒரு பொருளுக்கு இருக்கற எல்லாப் பேரையும் எழுதி வச்சுட்டு ஒவ்வொண்ணா போடணும், பேர் தெரியலன்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகன் ஆன்லைன்ல இருக்கு. இன்னொரு சிக்கல், குறளை சீர் பிரிச்சு அச்சடிக்கறதால வார்த்தை பாதில உடைஞ்சு நிக்கும். "தாமரையினாள்"னு முழுசா அடிச்சா வராது, ஏன்னா அங்க "தாமரையி", "னாள்"னு ரெண்டா இருக்கு. அதனால வார்த்தையோட முதல் ரெண்டு மூணு எழுத்தை மட்டும் அடிங்க.

ஸ்டெப் 5: படம், பாட்டு

இது சுருக்கமா சொல்லிடலாம். படக் கேள்விக்கு கூகுள் லென்ஸ், ஆனா முழுப் படத்தையும் போடாதீங்க. போர்டு, கொடி, தூணோட வேலைப்பாடு மாதிரி ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் போடுங்க. போர்டுல என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க, அதுவே நாட்டைச் சொல்லிடும். லென்ஸ் சொன்ன பேரை வச்சு அந்த இடத்தோட வேற படங்களைத் திறந்து ஒப்பிடுங்க, கப்பன் பார்க்ல ஹைகோர்ட்டு இருக்கற அட்டாரா கச்சேரியும் சிவப்பு, சேஷாத்ரி ஐயர் நினைவு நூலகமும் சிவப்பு, ஒண்ணை ஒண்ணா நெனச்சுக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. ஒரு போட்டோ முதல்ல எப்ப நெட்ல வந்ததுன்னு தெரியணும்னா டின்ஐங்கற (TinEye) படத் தேடல் சைட்ல போட்டு பழசுல இருந்து வரிசைப்படுத்துங்க.

ட்யூன் மட்டும் ஞாபகம் இருக்குன்னா கூகுள் ஆப்ல மைக்கை அமுக்கி ஹம் பண்ணுங்க, 2020ல இருந்து இந்த வசதி இருக்கு. வார்த்தை இல்லாம "ன ன னா"ன்னு பாடினாலும் புடிச்சுக்கும்.

ஸ்டெப் 6: கெடச்ச பதிலை உடைச்சுப் பாருங்க

இதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த வேலைல பாதி. தேடிக் கண்டுபிடிக்கறவங்க நெறைய பேர், கெடச்சதை சந்தேகப்படறவங்க கொஞ்சம் பேர்தான்.

நம்ம ஊரைப் பத்தியே ஒரு கேள்வி எல்லா குவிஸ்லயும் வரும்: ஆசியாவுலயே முதல்ல மின்சாரத் தெருவிளக்கு எரிஞ்ச நகரம் எது? பதில்னு பெங்களூர், 1905னு எழுதி வச்சிருப்பாங்க. சிவனசமுத்திரத்துல 1902ல மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சது, அது முதல்ல கோலார் தங்கவயலுக்குப் போனது, அப்புறம் 1905ல பெங்களூர் தெருவுல விளக்கு எரிஞ்சது, இதெல்லாம் பெருமைப்பட வேண்டிய உண்மை. ஆனா "ஆசியாவுல முதல்"ங்கற பகுதியை எப்படி செக் பண்ணுவீங்க? "பெங்களூர் ஆசியா முதல் தெருவிளக்கு"ன்னு தேடினா ஆமாம் ஆமாம்னு சொல்ற பக்கம்தான் வரிசையா வரும், ஏன்னா நீங்க கேட்டதே அதைத்தான். அதுக்குப் பதிலா பெங்களூரை விட்டுட்டு, "ஷாங்காய் மின்சாரத் தெருவிளக்கு"ன்னு இங்கிலீஷ்ல தேடுங்க, 1882லயே அங்க மின்சார ஆர்க் விளக்கு எரிஞ்சது தெரியவரும். "முதல்", "ஒரே", "மிகப் பெரிய" இந்த மூணு வார்த்தைல எது வந்தாலும், அந்தப் பெருமையை உடைக்கக்கூடிய போட்டியாளரைத் தேடுங்க. தேடியும் யாரும் கெடைக்கலன்னா அப்ப நம்புங்க.

ரெண்டாவது, பத்து சைட்ல ஒரே பதில் இருந்தா அது பத்து சாட்சி ஆகாது. ஒருத்தர் எழுதினதை ஒன்பது பேர் காப்பி அடிச்சிருக்கலாம். இதுக்கு ட்ரிவியா உலகத்துலயே ஒரு பிரமாதமான கதை இருக்கு. அமெரிக்காவுல ஃபிரெட் வொர்த்னு ஒருத்தர் 1970கள்ல ட்ரிவியா என்சைக்ளோபீடியா போட்டார். யாராவது தன் புத்தகத்தைக் காப்பி அடிச்சா கண்டுபிடிக்கறதுக்காக, கொலம்போங்கற டிவி துப்பறிவாளரோட முதல் பேர் ஃபிலிப்னு சொந்தமா ஒரு பொய்யை உள்ள வச்சார். பின்னாடி ட்ரிவியல் பர்சூட்னு ஒரு போர்டு கேம் உலகம் முழுக்க வித்துது, அதுல ஒரு கேள்விக்கு பதில் ஃபிலிப்! அவர் 1984ல 30 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டார். கேம் பண்ணவங்க அவர் புத்தகத்துல இருந்தும் எடுத்தோம்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா தகவலுக்கு காப்பிரைட் கெடையாதுன்னு கோர்ட்டு கேஸைத் தள்ளிடுச்சு. அந்தத் துப்பறிவாளர் சீரியல்ல காட்டற அடையாள அட்டையை நிறுத்திப் பாத்தா அதுல ஃபிராங்க்னு இருக்கும். மூலத்தைப் போய்ப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

விக்கிபீடியா காலத்துலயும் இதே நடந்திருக்கு. 2008ல ஒரு அமெரிக்க மாணவர் கோவாட்டிங்கற விலங்கோட பக்கத்துல "பிரேசில் ஆர்ட்வார்க்"னும் இதைச் சொல்வாங்கன்னு விளையாட்டா ஒரு வரி சேத்தார். பேப்பர்ல அதை எடுத்து எழுதினாங்க, அப்புறம் அந்தப் பேப்பரே விக்கிபீடியாவுக்கு ஆதாரமா ஆயிடுச்சு. அதனால விக்கிபீடியாவைப் படிங்க, தாராளமா படிங்க, என்னைக் கேட்டா ட்ரிவியாவுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் கெடையாது, ஆனா அந்த வரி முடிவுல இருக்கற சின்ன நம்பரைத் தட்டி ஆதாரம் என்ன, அது எந்த வருஷத்துது, அது விக்கிபீடியாவுல அந்த வரி வர்றதுக்கு முன்னாடியே எழுதினதான்னு பாருங்க. அந்தக் கட்டுரையோட "வரலாறு" (ஹிஸ்டரி) பக்கத்துல ஒவ்வொரு மாத்தமும் தேதியோட இருக்கும். லிங்க் செத்துப்போச்சுன்னா அந்த முகவரியை, பழைய வெப் பக்கங்களைச் சேத்து வைக்கற வேபேக் மெஷின்ல போடுங்க.

மூலம்னா என்ன? நோபல்னா நோபல் பரிசோட சொந்த சைட், கிரிக்கெட்னா ஸ்கோர் கார்டு, சட்டம்னா சட்டத்தோட வாசகம், ரூபாய் நோட்டுன்னா ரிசர்வ் வங்கி. பெங்களூர் கிளப் கணக்குப் புத்தகத்துல 13 ரூபாய் பாக்கி வச்சுட்டுப் போன ஒரு ஆபீசர் பின்னாடி நோபல் வாங்கினார், எதுக்காகன்னு கேட்டா, ஆள் சர்ச்சில்னு எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல புடிச்சுடுவாங்க, ஆனா பாதி பேர் அவசரத்துல சமாதானத்துக்குன்னு எழுதுவாங்க. நோபல் சைட்ல பாத்தா 1953, இலக்கியம். அதே மாதிரி ஆர்யபட்டா செயற்கைக்கோள் எங்க இருந்து ஏவினாங்கன்னா வாய் தானா ஸ்ரீஹரிகோட்டான்னு சொல்லும். செஞ்சது நம்ம பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியா ஷெட்ல, ஆனா 1975 ஏப்ரல் 19ல ஏவினது சோவியத் யூனியன்ல கபுஸ்டின் யார்ல இருந்து. உங்களுக்கு உறுதியா தெரியும்னு தோணற கேள்வியைத்தான் முதல்ல செக் பண்ணணும்.

இப்ப தேடினா மேலயே ஏஐ எழுதின ஒரு பதில் வந்து நிக்குது. 2024 மே மாசம் அமெரிக்காவுல இதை விட்டப்ப பீட்சால சீஸ் ஒட்டறதுக்கு பசை சேருங்கன்னு சொன்னது உலகமே பாத்தது. இப்ப நெறைய தேறியிருக்கு, இருந்தாலும் ட்ரிவியாவுல கேக்கறது வருஷம், பேர், எண்ணிக்கை மாதிரி நுணுக்கமான விஷயம், ஏஐ அதிகமா தடுமாறற இடமும் அதுதான். அதைத் துப்பா எடுத்துக்கோங்க, பக்கத்துல குடுத்திருக்கற லிங்கைத் திறந்து கண்ணால பாத்துட்டு எழுதுங்க.

ஸ்டெப் 7: கேள்வியே தப்பா இருந்தா

இந்தியாவோட தேசிய மொழி எது? தேசிய விளையாட்டு எது? ரெண்டும் இன்னமும் கேக்கறாங்க. அரசியல் சாசனம் 343வது பிரிவைப் படிச்சா இந்தி ஒன்றியத்தோட அலுவல் மொழின்னு இருக்கு, தேசிய மொழின்னு எந்த மொழியையும் சொல்லல. ஹாக்கியும் அப்படித்தான், 2012ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டப்ப எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டா அறிவிக்கலன்னு விளையாட்டு அமைச்சகமே பதில் குடுத்துச்சு.

இப்படி ஒரு கேள்வி வந்தா கேள்வி தயார் பண்ணவர் எதிர்பாக்கற பதிலையும் எழுதுங்க, பக்கத்துல சரியான விவரத்தையும் ஆதாரத்தோட எழுதுங்க. குறள் பூ கேள்விக்கும் இதே வழிதான், "அனிச்சம், குவளை, ஆனா 617லயும் 1103லயும் தாமரையும் இருக்கு"ன்னு எழுதினா மார்க்கும் போகாது, அடுத்த வருஷம் அந்தக் கேள்வி திருந்தவும் செய்யும். குவிஸ் மாஸ்டர்கிட்ட "அண்ணா, இதைப் பாருங்க"ன்னு தனியா மெசேஜ் போடுங்க, மேடைல மைக் முன்னாடி வேண்டாம்.

டைம் வச்சு நடத்தற குவிஸ்னா

டீமா இருக்கறப்ப எல்லாரும் ஒரே கேள்வியைத் தேடாதீங்க. ஒருத்தர் தேடணும், இன்னொருத்தர் அந்தப் பதில் தப்புன்னு காட்ட முயற்சி பண்ணணும். எங்க அபார்ட்மென்ட் டீம்ல தமிழ் நல்லா தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க, இலக்கியம்னா அவங்க, விளையாட்டுன்னா காலேஜ் படிக்கற தம்பி, மீதி எல்லாம் செக் பண்றது நான். கொஞ்ச நேரம் தேடியும் பிடி கெடைக்கலன்னா அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. திரும்ப வர்றப்ப வார்த்தையை மட்டும் மாத்தாம மொழியையே மாத்தி தேடுங்க.

கையோட மூணு கேள்வி

பழகிப் பாக்கறதுக்கு, எல்லாமே நம்ம ஊரைத் தொட்டது.

பீன்யா ஷெட்ல செஞ்ச ஒரு பொருளோட படம் ஒரு காலத்துல எல்லார் பர்ஸ்லயும் இருந்தது, எந்த நோட்டுல? இதுக்குப் படத் தேடல்ல ஆரம்பிங்க.

1864ல பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் பாதை வந்துச்சு, அந்தப் பாதை இன்னொரு முனைல எந்தத் தமிழ்நாட்டு ஊர்ல போய் சேர்ந்தது? பழைய ஸ்பெல்லிங்ல கூகுள் புக்ஸ்ல தேடிப் பாருங்க, அந்த ஊர் பேரை வெள்ளைக்காரங்க எழுதின விதமே வேற.

அல்சூர் ஏரிக்கிட்ட பல வருஷம் மூடியே கெடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9ல திறந்தாங்க. அதுக்கு ஈடா அதே வாரத்துல சென்னைல ஒரு கன்னடக் கவிஞரோட சிலையைத் திறந்தாங்க, அவர் யாரு, சென்னைல எந்தப் பகுதில? இதுக்கு தேதிக் கட்டுப்பாடு போடுங்க, 2009 ஆகஸ்ட்டுக்குள்ள மட்டும் தேடினா அப்ப வந்த பேப்பர் செய்தியே கெடைக்கும், அதுல ரெண்டு முதலமைச்சரும் என்ன பேசினாங்கங்கறதையும் சேத்துப் படிச்சுடுங்க.